ஊசி போட்ட தேதியிலேர்ந்து எண்ணுங்க

"சார், இவனுக்கு மறுபடி ஆரம்பிச்சிடுச்சு, ராத்திரி பூரா வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்கறான்"னு ஒரு அம்மா வந்து அழுதாங்க. பையனுக்கு மனச்சிதைவு நோய், மாத்திரைய துப்பிடறான்னு ஃப்ளூஃபெனசின் டெகனோயேட் ஊசி 25 மி.கி. மூணு வாரத்துக்கு ஒருக்கா போட்டுட்டிருந்தோம். நோய்தான் திரும்புதுன்னு நெனச்சு நான் டோஸைக் கூட்டிட்டேன். நடை இன்னும் அதிகமாச்சு.

அப்பறம்தான் உக்காந்து கேட்டேன், எந்தெந்த நாள்ல இப்படி நடக்கறான்னு. ஊசி போட்ட மறுநாள்லேர்ந்து நாலஞ்சு நாளாம், அதுக்கப்பறம் தானா அடங்கிடுதாம். பையனைக் கேட்டா "குரல்லாம் கேக்கல சார், காலுதான் நிக்க மாட்டேங்குது"ன்னான். அது நோயே இல்ல, அகதீசியாங்கற பக்கவிளைவு, அதுக்குப் போய் மருந்தைக் கூட்டியிருக்கேன், இன்னிக்கும் மனசு உறுத்துது.

இந்த ஊசி மருந்தை நல்லெண்ணெய்ல கலந்துதான் தயாரிக்கறாங்க, சதையில போட்டதும் கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல எறங்கும், ஆனா ஃப்ளூஃபெனசின் முதல் ஓரிரு நாள்லயே ஒரு தடவை சட்டுனு ஏறும். அதனால ஊசி போட்ட முதல் சில நாள்லயே நடுக்கம், விறைப்பு, கால் நிக்காம தவிப்பு வந்தா மருந்து அதிகமோன்னு யோசிக்கணும், அடுத்த ஊசிக்கு முந்தின வாரம் தூக்கம் கெட்டு சந்தேகம் தலைதூக்குனா மருந்து தீந்துபோகுதுன்னு யோசிக்கணும், அங்க பல நேரம் டோஸைக் கூட்டறதவிட இடைவெளியக் குறைச்சாலே போதும். பீடி சிகரெட் அளவு மாறினாலும் ரத்தத்துல மருந்தளவு மாறும், அதையும் மறைக்காம சொல்லுங்க.

டோஸ மாத்தினா அடுத்த வாரமே பலன் கேக்காதீங்க. இதே மாதிரி இன்னொரு ஊசி, மாசத்துக்கு ஒருக்கா போடற ஹாலோபெரிடால் டெகனோயேட்னா ரத்தத்துல ஒரு நிலைக்கு வரவே மூணு நாலு மாசம் ஆகும். நிறுத்தினாலும் அதே கதைதான், மருந்து உடம்புல மெதுவா வடியறதால ரெண்டு மூணு மாசம் ஆள் நல்லாவே இருப்பாரு, "பாத்தீங்களா, ஊசியே தேவையில்ல"ன்னு வீட்ல சொல்லுவாங்க, அப்பறம்தான் நோய் திரும்பும். ஆனா அந்தக் கால் தவிப்பு மட்டும் வந்தா அடுத்த ஊசித் தேதி வரைக்கும் காத்திருக்காதீங்க, தாங்க முடியாம செத்துடலாமான்னு யோசிச்சவங்கள பாத்திருக்கேன், அன்னிக்கே கூட்டிட்டு வாங்க.

அந்தப் பையனுக்கு தவிப்பு அடங்க மாத்திரை குடுத்து, படிப்படியா ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 12.5 மி.கி.க்குக் கொண்டுவந்தோம். அஞ்சு மாசம் ஆச்சு. போன தடவை கியூவுல முக்கால் மணி நேரம் பெஞ்சுலயே உக்காந்திருந்தான்னு அவங்கம்மா சொன்னாங்க.