பால் க்ளேயின் முகம் ஏன் இறுகியது?

ஜூன் 29 உலக ஸ்கிளீரோடெர்மா தினம். தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் இந்நோய்க்கு அந்தத் தேதியைத் தந்தவர் ஓவியர் பால் க்ளே. 1940-ல் அன்றுதான் சுவிட்சர்லாந்தின் லோகார்னோ அருகே இறந்தார்.

பெர்ன் நகரை ஒட்டிய சிற்றூரில் 1879-ல் பிறந்தவர். ஆனாலும் அப்பா ஜெர்மானியர் என்பதால் சுவிஸ் குடியுரிமை கிடைக்கவில்லை; விண்ணப்பம் முடிவாகும் முன்பே இறந்துவிட்டார். ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் பத்தாண்டுகள் கற்பித்தார். 1933-ல் நாஜிகள் டூசல்டார்ஃப் கலைக்கழக வேலையைப் பறித்ததும் பெர்னுக்கே திரும்பினார்.

1935-ல் படுத்தவருக்குத் தட்டம்மை என்றார்கள். பிறகு முகத்தோல் இறுகியது, உணவு இறங்க மறுத்தது. கூழும் நீர்மமுமாகவே உண்டார், அதுவும் தனியாக. 1936-ல் வரைந்தவை சுமார் 25. 1939-லோ 1,200-க்கும் மேல்! கடைசிக்காலப் படங்களின் தடித்த கருங்கோடுகளுக்கு விறைத்த விரல்களே காரணம் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கைகள் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்பதே அவர் நோயை ஆராய்ந்தவர்களின் கருத்து. அவரை வாட்டியது ஸ்கிளீரோடெர்மா என்று பெயர் கிடைத்தது அவர் இறந்த பிறகுதான்.

இன்றும் பெயர் கிடைக்கத் தாமதமாகிறது. மூட்டுவாதப் பிரிவில் என்னிடம் வந்த ஒரு பெண், ஓராண்டாக நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். "வாயைத் திறங்கள், மூன்று விரல்களை நெட்டுக்குத்தாக வையுங்கள்" என்றேன். இரண்டுதான் நுழைந்தன. குளிர்ந்த நீரில் பாத்திரம் கழுவினால் விரல்கள் சுண்ணாம்பாய் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவக்குமாம். இரத்தசோகை என்று எண்ணிப் பேரீச்சம்பழம் சாப்பிட்டு வந்திருக்கிறார்!

விரல்கள் இப்படி நிறம் மாறுவதாலேயே இந்நோய் என்று ஆகிவிடாது. பலருக்கு அது வெறும் குளிர்ச் சிக்கல்தான். கூடவே விரல்கள் வீங்கினாலோ, மோதிரம் கழலாவிட்டாலோ, விழுங்கச் சிரமமானாலோ, மாடிப்படி ஏறுகையில் மூச்சு வாங்கினாலோ காட்டிவிடுங்கள். உடல் தன் செல்களையே எதிர்க்கிறதா என்று பார்க்கும் ஏ.என்.ஏ. இரத்தப் பரிசோதனையும் நுரையீரல் பரிசோதனையும் வழிகாட்டும். முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் காக்கும் மருந்துகள் உண்டு.

நோய் உறுதியானவர்கள் வீட்டிலேயே இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று எகிறினால் சிறுநீரகம் ஆபத்தில் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுவலிக்கென்று கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள். அந்த ஆபத்தை இழுத்துவிடுவதில் அதற்கும் பங்குண்டு.