பெரிய கடை வந்ததும் அண்ணாச்சியின் கடன் நோட்டுக்கு என்ன ஆகிறது?

வட சென்னையில் பெரம்பூர், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் ஏ.சி. போட்ட பெரிய மளிகைக் கடை ஒன்று திறந்தால் தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். “நம்ம ஏரியாவும் முன்னேறிடுச்சு” என்பது ஒரு கட்சி. “அண்ணாச்சி கடை அவ்வளவுதான்” என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே அவசரப்பட்டுச் சொல்வது. பெரிய கடை சின்னக் கடையோடு நேராக மோதி அதை வீழ்த்துவது குறைவு. அது தெருவை மாற்றும் வழி கொஞ்சம் சுற்றுவழி.

பெரிய கடை என்று இங்கே சொல்வது மொத்த விலையில் மூட்டை மூட்டையாக விற்கும் கடையை அல்ல. கண்ணாடிக் கதவு, வாசலிலேயே பழ அடுக்கு, பிளாஸ்டிக் தாள் சுற்றிய பலாச்சுளை, அவகாடோ, நாலு விதமான ஆலிவ் எண்ணெய் எல்லாம் இருக்கிற கடை.

இப்படி ஒரு கடை வெறுங்காலி நிலத்தைத் தேடி வருவதில்லை. பெரம்பூரில் பின்னி மில் என்று எல்லாரும் சொல்லும் பக்கிங்ஹாம் – கர்நாடிக் ஆலை 1996-இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழுந்தன. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கியது. கார் நிறுத்த இடம், மாதச் சம்பளக்காரர்கள், புதுக் குடியிருப்புகள் இதையெல்லாம் எண்ணிப் பார்த்துத்தான் நிறுவனம் இடம் பிடிக்கிறது. அமெரிக்காவில் ஹோல் ஃபுட்ஸ் என்கிற விலை கூடிய மளிகைக் கடை போன்றவற்றுக்கு அருகில் வீட்டு விலை வேகமாக ஏறுகிறது என்று சொல்வார்கள். அது கடையால் ஏறியதா, இல்லை ஏறப்போகிற இடமாகப் பார்த்துத்தான் கடை வந்து உட்கார்ந்ததா? பிரித்துச் சொல்வது லேசில்லை. கடை திறந்த தெருவை, கடைக்காகப் பார்த்துவைத்து இன்னும் திறக்காத தெருவோடு ஒப்பிட்டால்தான் ஓரளவு பிடிபடும். “கடை வந்தது, விலை ஏறியது” என்கிற ஒற்றை வரியை அதனால் முழுசாக நம்ப வேண்டாம்.

சரி, கடை வந்துவிட்டது. யார் அங்கே போவார்கள்?

இதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. 1931-இல் வில்லியம் ரைலி என்ற அமெரிக்கர், நியூட்டனின் ஈர்ப்பு விதி மாதிரியே ஊர்களும் வாடிக்கையாளரை இழுக்கின்றன என்று எழுதினார். ஊர் பெரிதானால் இழுப்பு கூடும், தூரம் கூடினால் குறையும். 1960-களில் டேவிட் ஹஃப் அதைத் தனித்தனிக் கடைகளுக்குப் பொருத்தினார். கடையின் பரப்பளவை, அங்கே போய்ச் சேர ஆகும் நேரத்தால் வகுத்துப் பார்ப்பதுதான் அதன் சாரம். இதில் கவனிக்க வேண்டியது, எந்தப் பொருளுக்குத் தூரம் எவ்வளவு உறுத்துகிறது என்பதுதான். பால் பாக்கெட்டுக்கோ ஒரு பிடி கறிவேப்பிலைக்கோ யாரும் பத்து நிமிஷம் நடக்கமாட்டார்கள். மாதச் சாமானுக்கு வண்டி எடுத்துக்கொண்டு போவார்கள். அதனால் பெரிய கடை அண்ணாச்சியிடமிருந்து எல்லா வாடிக்கையாளரையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்குவதில்லை. ஒரு வகையினரை மட்டும், மாத முதல் வாரத்தில் நீளமான லிஸ்ட் கொடுத்து ரொக்கமாக வாங்குகிறவர்களை, மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறது.

அவர்கள் எண்ணிக்கையில் குறைவுதான். அவர்கள் போனால் கடைக்கு என்ன ஆகும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கடையின் மாத விற்பனை 4 லட்சம் ரூபாய், அதில் லாப விகிதம் 10 சதவீதம் என்று வையுங்கள். கையில் நிற்பது 40,000. கடை வாடகை 12,000, கரண்ட்டும் எடுபிடிப் பையன் சம்பளமும் சேர்த்து 14,000. மிச்சம் 14,000. இப்போது விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் பெரிய கடைக்குப் போகிறது. லாபம் 32,000 ஆகிறது. வாடகையும் சம்பளமும் அப்படியே நிற்கின்றன. மிச்சம் 6,000. விற்பனை இருபது சதவீதம்தான் சரிந்தது, அண்ணாச்சியின் வருமானம் பாதிக்கும் கீழே போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கடையில் கூட்டம் அப்படியேதான் தெரியும்.

இதைவிட முக்கியமான இழப்பு வேறு இடத்தில் நடக்கிறது.

வட சென்னையின் ஒரு மளிகைக் கடையில் ஷாம்பு சாஷேக்கள் சரம் சரமாகத் தொங்கும், அதற்குக் கீழே கல்லாப் பக்கத்தில் அட்டை கிழிந்த கோடு போட்ட நோட்டு ஒன்று கிடக்கும். அதில் பெயர்கள் இருக்காது. “மாடி அக்கா”, “பச்சை கேட்”, “ஐஸ் லோடு தம்பி” என்றுதான் இருக்கும். எதிரே 85, 40, 120 என்று எண்கள். சனிக்கிழமை கூலி வந்ததும் ஒரு கோடு இழுத்து அடிப்பார்கள். ஹார்பர் லோடு வேலை, காசிமேட்டு மீன் வேலை, கட்டட வேலை என்று தினக்கூலியில் ஓடும் குடும்பங்கள் நூறு கிராம் பருப்பு, கால் லிட்டர் எண்ணெய் என்று அன்றன்றைக்கு வாங்குவது இந்த நோட்டை நம்பித்தான். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடை இருக்கிறது. காசிமேட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் அந்த இரண்டு மாதமும் நோட்டின் பக்கங்கள் வேகமாக நிரம்பும்.

அண்ணாச்சிக்கு இந்தக் கடனைக் கொடுக்கப் பணம் எங்கிருந்து வருகிறது? மாத முதல் வாரத்தில் சம்பளக்காரர்கள் கொடுக்கும் ரொக்கத்திலிருந்து. அதை வைத்துத்தான் அவர் பாரிமுனைப் பக்கம் மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கிறார், மீதி மூன்று வாரம் அந்தச் சரக்கைக் கடனுக்கு விடுகிறார். இந்தக் கடை ஒரு குட்டி வங்கி. ரொக்கம் போடுகிறவர் ஒரு பக்கம், கடன் எடுப்பவர் இன்னொரு பக்கம். பெரிய கடை முதல் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு போய்விடுகிறது. அவகாடோ பக்கமே போகாத மீன் வேலைக் குடும்பத்துக்கு அப்புறம்தான் அது உறைக்கிறது, “இந்த வாரம் பழசைக் கொஞ்சம் குடுத்துட்டு வாங்கும்மா” என்று அண்ணாச்சி சொல்லும்போது. அடுத்த வழி அடகுக் கடை, இல்லையென்றால் வாரவட்டி.

பெரிய கடையால் ஆதாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மெக்சிகோவில் வெளிநாட்டு சூப்பர் மார்க்கெட்டுகள் நுழைந்த ஊர்களை மூன்று பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டார்கள். சராசரிக் குடும்பத்துக்குக் கிடைத்த ஆதாயம், வருமானத்தில் சுமார் 6 சதவீதத்துக்குச் சமம். முக்கியக் காரணம் வாழ்க்கைச் செலவு குறைந்தது. ஆனால் வசதியான குடும்பங்களுக்கே அதிகம் கிடைத்தது, பழைய கடைக்காரர்களின் வருமானம் குறைந்தது. இங்கேயும் எம்.ஆர்.பி.க்குக் கீழே விற்கிற தள்ளுபடி பெரும்பாலும் பெரிய பாக்கெட்டுக்குத்தான். ஐந்து கிலோ வாங்க ஒரே நேரத்தில் காசு வேண்டும், வீட்டில் வைக்க இடமும் வேண்டும். ஒற்றை அறை வீட்டில் எங்கே வைப்பது?

“நல்ல கடை வந்தால் ஜனங்கள் சத்தாகச் சாப்பிடுவார்கள்” என்ற பேச்சும் கூடவே வரும். அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் சோதித்தாகிவிட்டது. 2019-இல் வெளியான ஆய்வின்படி, ஏழைகளும் பணக்காரர்களும் சாப்பிடுவதில் உள்ள சத்து வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் கடை வசதியால் விளக்க முடிகிறது. சிகாகோவின் எங்கிள்வுட் பகுதியில் ஹோல் ஃபுட்ஸ் 2016-இல் பெரிய ஆரவாரத்தோடு திறந்து 2022-இல் மூடியது. வட சென்னைக்கு இந்த வாதம் இன்னும் குறைவாகத்தான் பொருந்தும். இங்கே ரேஷன் கடை இருக்கிறது. 2011 முதல் இலவச அரிசி, அதற்கு முன்பிருந்தே மலிவு விலையில் துவரம்பருப்பும் பாமாயிலும். காலையில் காசிமேட்டுக்குப் போனால் கிடைக்கிற மீனின் புதுமை எந்த ஏ.சி. அலமாரியிலும் கிடையாது. இங்கே குறை சரக்கில் இல்லை, கையில் இருக்கும் காசில்தான்.

வேலை விஷயத்தில் ஒரு வரி: பெரிய கடையில் ஏரியாப் பெண்களுக்கு மாதச் சம்பளம் கிடைக்கிறது, அது சின்ன விஷயமில்லை. நாள் முழுக்க நிற்கும் கடை ஊழியருக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமும் வந்திருக்கிறது. இருக்கை போட்டிருக்கிறார்களா என்று அடுத்த தடவை போகும்போது பாருங்கள்.

கடைசியாக வாடகை. என் கணிப்பில் இதுதான் பெரிய அடி. பெரிய கடைக்கு வரும் கூட்டத்தை நம்பி அதைச் சுற்றி மொபைல் ஷோரூம், சலூன், ஜூஸ் கடை எல்லாம் வரும். அந்தக் கூட்டம் அவர்களுக்கு வியாபாரம், அதனால் கூடுதல் வாடகை கொடுக்கத் தயார். வீட்டுக்காரர் அந்த ரேட்டைக் காதில் வாங்கிக்கொண்டு அண்ணாச்சியிடமும் கேட்பார். ஆனால் ஹேர்கட்டுக்கு வந்தவர் அண்ணாச்சியிடம் மிளகாய்த்தூள் வாங்கப்போவதில்லை. தனக்கு ஒரு ரூபாயும் தராத கூட்டத்துக்காக அவர் வாடகை கொடுக்க வேண்டியிருக்கிறது. மேலே போட்ட கணக்கில் மிச்சமிருந்த 6,000-இல் வாடகை உயர்வு 3,000 போனால் கடை நடத்துவதில் அர்த்தமில்லை. 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் நியாய வாடகை நிர்ணயிக்கக் கேட்டு மனு போட வழியிருந்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் இரண்டு பேரும் எழுதிய ஒப்பந்தம்தான் வாடகை.

ஆகவே கடை உடனே மூடாது. ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில் மெயின் ரோட்டிலிருந்து உள்சந்துக்கு நகரும். சந்தில் பாதி இடம், பாதி சரக்கு. அரிசி மூட்டையும் பெரிய எண்ணெய் டின்னும் குறைந்து தோசை மாவு, அஞ்சு ரூபாய் இஞ்சி, இரவு பதினொரு மணிக்கும் கிடைக்கிற பால் என்று பெரிய கடை விற்க முடியாததை விற்கும். கட்டடம் அண்ணாச்சிக்கே சொந்தம் என்றால் கதை தலைகீழ். மெயின் ரோட்டு முகப்பை மொபைல் ஷோரூமுக்கு விட்டுவிட்டு, கடை நடத்தியதைவிட அதிகமாக மாதா மாதம் வாடகை வாங்குவார்.