பத்தில் ஒன்றா, ஒன்பதா? 'டெசிமேட்' என்ற சொல்லின் கணக்கு

வெட்டுக்கிளிகள் பயிரை மேய்ந்தாலும் சரி, கொள்ளைநோய் ஊர்களைக் காலி செய்தாலும் சரி, ஆங்கில நாளிதழ்களுக்குச் சட்டென்று கைக்கு வரும் சொல் 'டெசிமேட்'. பெரும்பகுதி நாசம் என்றுதான் படிப்பவர் புரிந்துகொள்வார். சொல்லுக்குள் இருப்பதோ பத்து என்ற எண். லத்தீனில் 'டெகெம்' என்றால் பத்து, 'டெகிமுஸ்' என்றால் பத்தாவது. சமஸ்கிருதத்தின் 'தச' இதே வேரில் கிளைத்தது. ஆக, நாம் புழங்கும் தசமி, தசாப்தம், தசமப் புள்ளி எல்லாம் இந்த அழிவுச் சொல்லுக்கு உறவுமுறைதான்.

'டெகிமாட்டியோ' என்பது ரோமானியப் படையில் கோழைத்தனத்துக்கும் கலகத்துக்கும் விதித்த தண்டனை. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் அதன் நடைமுறையை எழுதிவைத்திருக்கிறார். ஒரு பிரிவே களத்தை விட்டு ஓடிவிட்டால் அத்தனை பேரையும் கொல்ல முடியாது. பிறகு போரிட ஆள் இருக்காது. அதனால் குற்றம் செய்தவர்களிடையே சீட்டுக் குலுக்குவார்கள். ஐந்து பேர், எட்டு பேர், இருபது பேர் என்று, மொத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வரும்படி பொறுக்குவார்கள். சீட்டு விழுந்தவர்களுக்கு அடித்தே சாவு. தப்பியவர்களுக்குக் கோதுமைக்குப் பதிலாக வாற்கோதுமை, படுக்கை பாசறையின் அரணுக்கு வெளியே. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது தளபதி க்ராசஸ், ஓடிவந்த 500 பேரைப் பத்துப் பத்தாக 50 குழுவாக்கி, குழுவுக்கு ஒருவரைக் கொல்லவைத்தார் என்கிறார் பழங்கால வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க். இந்தத் தண்டனையின் சூட்சுமமே குலுக்கல்தான். யார் முதலில் ஓடினார், யார் கடைசிவரை நின்றார் என்பதெல்லாம் சீட்டுக்குத் தெரியாது.

எண்ணிக்கையில் பார்த்தால் இது பேரழிவே அல்ல. 1,000 பேரில் ஒருமுறை செய்தால் 900 பேர் மிச்சம், மறுமுறை 810. பாதிக்குக் கீழே இறங்கவே ஏழு முறை வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்க 22 முறை.

பிறகு எப்படி 'பெரும்பகுதி அழிவு' ஆனது? ஆங்கிலத்தில் இந்தச் சொல் 1600ஐ ஒட்டி நுழைகிறது. கொஞ்ச காலம் கணக்கு அப்படியே இருந்தது. 1655இல் இங்கிலாந்தில் குரோம்வெல்லின் ஆட்சி, மன்னர் ஆதரவாளர்களின் சொத்து வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் பறித்த வரிக்குக்கூட 'டெசிமேஷன்' என்றுதான் பெயர். ஆனால் அதே நூற்றாண்டிலேயே பேரழிவு என்ற பொருளும் தலைகாட்டிவிட்டது. அகராதி பார்த்துச் சொல் கற்பவர்கள் குறைவு. சொல் வரும் இடத்தை வைத்துத்தான் பொருளை ஊகிக்கிறோம். 'டெசிமேட்' வந்த இடமெல்லாம் சாவும் பீதியும் தெரிந்தன, பின்னம் தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டிலிருந்து இலக்கணக் காவலர்கள் இதை எதிர்த்து வந்திருக்கிறார்கள். பயனில்லை. டிசம்பருக்கும் இதே வேர்தான்; அது பத்தாம் மாதமாகத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் 'முழுக்க டெசிமேட் ஆனது' என்று எழுதுவதை நல்ல பதிப்பாசிரியர்கள் அடித்துவிடுவார்கள். மிச்சமே இல்லாத அழிவுக்கு 'அனைஹிலேட்' இருக்கிறது. அதன் வேரான 'நிஹில்' என்றால் ஒன்றுமில்லை.

மின்னணுவியலில் இந்தச் சொல் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. ஒலிப்பதிவில் நொடிக்கு இத்தனை முறை என்று ஒலியலையை அளந்து எடுக்கும் மாதிரிகளின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கும் 'டெசிமேஷன்' என்று பெயர். காரணி 10 என்றால் பத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்பதைத் தள்ளுகிறோம். ரோமானியத் தளபதி கேட்டால் மிரண்டுபோவார்.

நொடிக்கு 48,000 மாதிரிகள் உள்ள பதிவை 8,000க்குக் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காரணி 6. ஆறில் ஒன்றை எடுத்தால் முடிந்தது என்று நினைப்பதில்தான் ஆபத்து. 8,000 மாதிரிகளால் 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ள அதிர்வெண்களை மட்டுமே சரியாகக் காட்ட முடியும். அதற்கு மேலே இருப்பவை காணாமல் போவதில்லை, மடங்கிக் கீழே வந்து உட்காரும். 5,000 ஹெர்ட்ஸ் சீழ்க்கை 3,000 ஹெர்ட்ஸில் கேட்கும். 7,000 இருந்தால் 1,000இல். உண்மையான 3,000 ஹெர்ட்ஸ் ஒலியோடு அந்த 5,000 ஹெர்ட்ஸ் சீழ்க்கை கலந்துவிட்டால் பிறகு எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. ஆகவே தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் வடிகட்டியை முதலில் போட்டு 4,000க்கு மேலுள்ளதை நீக்க வேண்டும். மாதிரிகளைக் கழிப்பது அதற்குப் பிறகுதான். எந்த வடிகட்டியும் செங்குத்தாக வெட்டாது, சரிவாகத்தான் இறங்கும். அதனால் வெட்டுப்புள்ளியைக் கொஞ்சம் கீழேயே, 3,400 வாக்கில், வைப்பது நல்லது.

காரணி பெரிதானால் ஒரே மூச்சில் செய்யக் கூடாது. அவ்வளவு கூர்மையான வடிகட்டிக்குக் கணக்கீடும் கூடும், எண்பிழையும் ஏறும். பைத்தான் நிரல்மொழியின் சைபை (SciPy) நூலகத்தில் உள்ள டெசிமேட் செயற்கூறு தானாகவே வடிகட்டிவிட்டுத்தான் குறைக்கும். அதன் ஆவணத்திலும், இயல்பான வடிகட்டியைப் பயன்படுத்தினால் 13க்கு மேற்பட்ட காரணியைப் பல படிகளாகப் பிரித்துச் செய்யுமாறு சொல்லியிருக்கிறார்கள். வேறு நிரல் எதையாவது நம்ப வேண்டியிருந்தால், மேலே சொன்ன 48,000 மாதிரிப் பதிவில் 5,000 ஹெர்ட்ஸ் சீழ்க்கையை மட்டும் கொடுத்துப் பாருங்கள். வெளியீட்டில் 3,000 ஹெர்ட்ஸில் பலத்த ஒலி எழுந்தால், அந்த நிரல் வடிகட்டாமலே மாதிரிகளைத் தள்ளுகிறது.