கூடுதலாக 4 கடல் மைல்

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய எம்டனைப் பற்றி நமக்குத் தெரியும். ஜெர்மன் அட்மிரல் ஷ்பேயின் படையிலிருந்து பிரிந்து வந்த கப்பல் அது. மிச்சமிருந்த படையை அதே ஆண்டு டிசம்பர் 8இல் ஃபாக்லாந்து தீவுகள் அருகே துரத்திப் பிடித்து அழித்ததில் பெரும்பங்கு ‘இன்வின்சிபிள்’ என்ற பிரிட்டிஷ் கப்பலுடையது. உலகின் முதல் பேட்டில் குரூசர் வகைக் கப்பல் அதுதான்.

பெரிய போர்க்கப்பலின் பீரங்கி, குரூசரின் வேகம் இரண்டும் ஒரே கப்பலில் வேண்டும் என்றார் அப்போதைய பிரிட்டிஷ் கடற்படைத் தலைவர் அட்மிரல் ஃபிஷர். கேட்க எளிது. ஆனால் வேகம் ஏற ஏற, கப்பலை ஓட்டத் தேவைப்படும் திறன் அதைவிட மிக வேகமாக ஏறும். தோராயமாக, வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்காக வேண்டும். அதே காலத்துப் பிரிட்டிஷ் பெரிய போர்க்கப்பலான ‘டிரெட்நாட்’ மணிக்கு 21 கடல் மைல் போக 23,000 குதிரைத்திறன் போதுமானதாக இருந்தது. இன்வின்சிபிள் 25ஐ எட்ட 41,000 தேவைப்பட்டது. கூடுதலாக 4 மைல்தான்! அதற்காக 18 கொதிகலன்கள் இருந்த இடத்தில் 31 வந்தன, உடலும் நீண்டது. அந்த எடையை எங்கேயாவது குறைத்தாக வேண்டுமே? பத்து பீரங்கிகள் எட்டாயின. பக்கவாட்டுக் கவசம் 28 சென்டிமீட்டரிலிருந்து 15 ஆனது.

ஃபாக்லாந்தில் இந்தக் கணக்கு பலித்தது. எதிரிகள் மெதுவானவர்கள், அவர்களுடைய பீரங்கிகளும் சிறியவை. இருபதுக்கு மேற்பட்ட குண்டுகள் பட்டும் இன்வின்சிபிளில் ஒருவர்கூடச் சாகவில்லை.

1916 மே 31, டென்மார்க் அருகே வடகடலில் நடந்த ஜட்லாந்து போர். இம்முறை எதிரில் இருந்தவையும் பேட்டில் குரூசர்கள். இன்வின்சிபிள் அபாரமாகச் சுட்டது. அதன் குண்டுகளால் சிதைந்த ஜெர்மன் பேட்டில் குரூசர் ‘லுட்சோ’வை மறுநாள் ஜெர்மானியர்களே மூழ்கடிக்க வேண்டியதாயிற்று. ஆனால் சில நிமிடங்களில் ஒரு குண்டு இன்வின்சிபிளின் நடுப்பகுதிப் பீரங்கிக் கோபுரத்தைத் துளைத்தது.

கவசம் மெலிந்ததுதான் காரணம் என்று பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. பீரங்கிக் குண்டை உந்தித் தள்ளும் கார்டைட் என்ற வெடிமருந்து பட்டுத் துணிப் பைகளில் இருந்தது. கோபுரத்திலிருந்து அடித்தளக் கிடங்கு வரை அந்தப் பைகள் ஏறிவரும் வழி இருக்கிறது. மேலே பற்றிய தீச்சுவாலை அந்த வழியாகவே கீழே இறங்க முடியும். ஜெர்மானியர்கள் மருந்தின் பெரும்பகுதியைப் பித்தளை உறையில் வைத்திருந்தார்கள். அவர்கள் கோபுரங்களும் எரிந்தன; ஆனால் கிடங்கு வெடித்து ஒரு பேட்டில் குரூசர்கூட அன்று போகவில்லை. பிரிட்டன் அன்று இழந்த மூன்று பேட்டில் குரூசர்களும் வெடித்தே மூழ்கின.

இன்வின்சிபிள் நடுவில் வெடித்து இரண்டாகப் பிளந்தது. 1,026 பேர் இறந்தார்கள், அறுவர் மட்டும் பிழைத்தார்கள். அந்த இடத்தில் கடல் ஆழம் குறைவு. அதனால் உடைந்த துண்டுகள் அடியில் தரைதட்ட, முன்பகுதியும் பின்பகுதியும் நீருக்கு மேலே தனித்தனியாக நிமிர்ந்து நின்றன.