பிரேக் பெடல் ரப்பரையும் குனிந்து பாருங்கள்

சர்வீஸுக்குக் காரை விட வருகிறவர்கள் பிரேக் பேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, டிஸ்க்கில் கோடு விழுந்திருக்கிறதா என்று அக்கறையாகக் கேட்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் அந்த பிரேக்கை மிதிக்கும் கால் எதன் மேல் பதிகிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. பெடலின் இரும்புத் தகட்டின் மேல் மாட்டியிருக்கும் ரப்பர் உறையைத்தான் சொல்கிறேன். பட்டறைகளிலும் பலர் அதைக் கவனிப்பதில்லை. வரி முழுக்க அழிந்து, ஓரம் கிழிந்து, உள்ளே இரும்பு பளபளக்கும் பெடலோடு கார்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

வெயில் காலத்தில் இந்தத் தேய்மானம் உறைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் தெரியும். தெருத் தண்ணீரில் நடந்து வந்து ஈரச் செருப்போடு ஏறி உட்காருகிறோம். அந்த ஈரத்தை ஒதுக்கிவிட்டு, செருப்பின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொள்வதற்காகவே ரப்பரில் வரிகள் இருக்கின்றன. மெதுவாக மிதிக்கும்போது வரி இல்லாவிட்டாலும் சமாளித்துவிடலாம். குறுக்கே ஒரு மாடோ சைக்கிளோ வந்துவிட்டால் நிதானம் பார்த்து மிதிக்க நேரமில்லை. கால் பெடலின் ஓரத்தில்தான் விழும், அதுவும் முழு பலத்தோடு. அந்த ஓரம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். வழுக்கினால் பக்கத்திலேயே இருப்பது ஆக்சிலரேட்டர். 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. வழுக்கிய காலை மறுபடி பெடலில் வைக்க அரை நொடி ஆனாலும் 8 மீட்டர் கடந்துவிடும்.

‘வெறுங்காலோடு ஓட்டினால்தான் பிடிமானம் கிடைக்கும், சார்’ என்று வாடகைக் கார் ஓட்டும் தம்பிகள் சொல்வார்கள். அவர்கள் அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கழற்றிய செருப்பைக் காலடியில் போட்டு வைக்காதீர்கள். அது நகர்ந்து பெடலுக்கு அடியில் போய்விட்டால் பிரேக் முழுதாக இறங்காது. உருண்டு வரும் தண்ணீர் பாட்டிலும் இதே ஆபத்துதான்.

பிரிட்டனில் மூன்று ஆண்டு நிறைந்த கார்களுக்கு ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனை உண்டு. பிரேக் பெடலின் வழுக்காத பரப்பு தேய்ந்து மழமழவென்று ஆகியிருந்தாலே அதைப் பெரிய குறையாகக் கணக்கிட்டு, காரைத் தேர்ச்சியில்லை என்று திருப்பி அனுப்புவார்கள். நம் ஊரில் சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். அதுவரை அந்த பெடலைக் குனிந்து பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

பார்ப்பது எளிது. ஓட்டுநர் கதவைத் திறந்து, செல்போன் விளக்கைப் பெடலின் மேல் அடியுங்கள். வரிகளின் மேல் விரலை ஓட்டினால் நெருட வேண்டும். மழமழவென்று இருந்தால் மாற்றிவிடுங்கள். இரும்பு தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். பிறகு ரப்பரின் நான்கு மூலைகளையும் பிடித்து இழுங்கள். ஒரு மூலை கையோடு வந்தால், வரி நன்றாக இருந்தாலும் அந்த ரப்பர் ஆகாது. என்றைக்காவது காலோடு சேர்ந்து கழன்று வரும். நகர நெரிசலில் ஓடும் காரில் பிரேக்கைவிட கிளட்ச் ரப்பர் முந்திக்கொண்டு தேயும். கிளட்ச் பெடலின் தண்டிலோ அதன் கீழே கம்பளத்திலோ எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் உள்ள கார்களில், அந்த அழுத்தத்தைக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டர் மேலே இருக்கிறது. அது கசிந்தால் எண்ணெய் பெடல் வழியாகத்தான் உள்ளே இறங்கும்.

மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை. உங்கள் மாடலுக்கென்றே வரும் ரப்பரைக் கேட்டு வாங்குங்கள். ஆட்டோமேட்டிக் காரின் பெடல் அகலமானது, கியர் காரின் ரப்பர் அதற்குப் பொருந்தாது. எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, பழைய ரப்பரைக் கீழ் ஓரத்திலிருந்து உரித்தெடுங்கள். தகட்டில் துரு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். புதியதன் மேல் விளிம்பை முதலில் மாட்டி, மற்ற விளிம்புகளை மொட்டையான திருப்புளியால் தகட்டின் பின்பக்கம் தள்ளுங்கள். முரண்டு பிடித்தால் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொள்ளலாம். எண்ணெய், கிரீஸ் வேண்டவே வேண்டாம். சுற்றிலும் விளிம்பு உட்கார்ந்துவிட்டதா என்று பின்பக்கம் விரலால் தடவிப் பார்த்து, ஈரம் காய்ந்தபின் பலமாக நாலைந்து முறை மிதித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள்.

தண்ணீர் அடித்துக் கழுவும் இடங்களில் டாஷ்போர்டுக்குப் போடும் பாலிஷைப் பெடலுக்கும் பூசிவிடுகிறார்கள். புது ரப்பரையும் அது வழுக்க வைக்கும். பெடலைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அழகுக்காக விற்கும் எல்லாக் காருக்குமான அலுமினிய உறைகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. திருகு தளர்ந்து உறை நகர்ந்த பெடல்களைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

குனிந்தது குனிந்தீர்கள், பெடல் தண்டின் மேல் பகுதியையும் பார்த்துவிடுங்கள். பல கார்களில் அங்கே ஒரு சின்ன ரப்பர் அல்லது பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். காலை எடுத்ததும் பிரேக் விளக்கின் சுவிட்சை அழுத்தி அணைப்பது அதுதான். பழசானால் இது நொறுங்கி உதிரும். காரை நிறுத்தியபின்பும் பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். பேட்டரியை மாற்றியும் குறை தீரவில்லை என்று வந்த ஒரு காரில், காலடி விரிப்பின் மேல் நொறுங்கிய பிளாஸ்டிக் துணுக்குகள் கிடந்தன. அந்தப் பொத்தானை மாற்றியதும் சரியாகிவிட்டது. பேட்டரியைவிட எனக்குப் பெரிய கவலை பின்னால் வருகிறவர்தான். விளக்கு எப்போதும் எரிந்தால், நீங்கள் பிரேக் போடுவது அவருக்குத் தெரியாது. மாதம் ஒரு இரவு, காரின் பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தி, பிரேக்கை மிதித்து விடுங்கள். சுவரில் விழும் சிவப்பு வெளிச்சம் காலோடு கூடிக் குறைகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம்.