மண் அணை உடைவது எந்தப் பக்கத்திலிருந்து?

அடைமழையில் ஒரு சிறிய மண் அணை உடைந்தால், தேங்கிய தண்ணீர் முட்டித் தள்ளிவிட்டது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் பெரும்பாலான உடைப்புகள் தண்ணீரே இல்லாத வெளிச்சரிவில் தொடங்குகின்றன.

வெள்ளம் கரைமேல் வழிவதையே எடுத்துக்கொள்ளுங்கள். சரிவில் இறங்க இறங்க அது வேகம் பிடிக்கும். புல் பெயர்ந்த ஓரிடம் கிடைத்தால் போதும், மண்ணைப் பறித்து ஒரு படி வெட்டிவிடும். படியிலிருந்து விழும் நீர் அடியைக் குடைய, மேல்மண் சரிய, படி பின்னோக்கி நகர்ந்து கரை உச்சியை எட்டும். அப்புறம் அணை முழுதாகத் திறந்துகொள்ளச் சில மணி நேரம்கூட ஆகாது. அதனால்தான் கலங்கல், அதாவது மிகைநீர் வெளியேறும் வழி, அடைபடக் கூடாது. 1889 மே 31 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சவுத் ஃபோர்க் என்ற மண் அணை இப்படி வழிந்துதான் உடைந்தது. மீன்கள் தப்பாமலிருக்கக் கலங்கலில் வைத்திருந்த தடுப்பில் குப்பை அடைத்திருந்தது. 2,200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கரைக்குள் நடக்கும் அரிப்பு எனக்கு இதைவிடப் பயங்கரமாகத் தோன்றுகிறது, ஏனென்றால் அது கண்ணில் படாது. எல்லா மண் கரையும் கொஞ்சம் கசியும். நீர்மட்டம் ஏறினால் கசிவின் விசையும் கூடும். அது வெளிவரும் இடத்தில் நுண்மண்ணையும் இழுத்து வந்தால், அங்கிருந்து ஒரு துளை உள்நோக்கி வளரும். எலி வளை, மட்கிய வேர், மதகுக் குழாயை ஒட்டிச் சரியாக இறுகாத மண் எல்லாம் அதற்குக் குறுக்குவழிகள். கசியும் நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்துப் பாருங்கள். கலங்கியிருந்தால் அணை உள்ளே கரைகிறது. அந்த வாயைக் களிமண்ணால் அடைப்பது பெரும் தவறு. உள்ளே அழுத்தம் ஏறி வேறிடத்தில் பீறிடும். மணலும் அதன்மேல் சரளையும் போட்டால் நீர் வெளியேறும், மண் தங்கும்.

வழியாமலும் கரை போகலாம். ஊறிய மண்ணில் நீரழுத்தம் கூடும்போது துகள்களுக்கு இடையிலான பிடி தளரும். 2020 மே 19 அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஈடன்வில் அணையில் தளர்வான மணற்பகுதி இப்படித்தான் நொடிகளில் வலுவிழந்து ஓடியது.

சரி, மழை விட்டாயிற்று. உடனே மதகைத் திறந்து ஏரியை வேகமாக இறக்கினால் ஆபத்து ஏரிப்பக்கத்து உட்சரிவுக்கு மாறும். கரைக்குள் ஊறிய நீர் வடிய நேரமிராது, சரிவைத் தாங்கி நின்ற ஏரித் தண்ணீரும் போய்விட்டிருக்கும். உடைப்பு நெருங்கிவிட்ட அவசரம் இல்லையென்றால், மட்டத்தை மெல்லத்தான் இறக்க வேண்டும்.