செஸ் என்பது மேல்வரி அல்ல

பட்ஜெட் வந்த மறுநாள் தமிழ்ச் செய்திகளைப் படித்தால், 'கூடுதல் வரி' என்ற சொல் இரண்டு இடங்களில் இரண்டு வேறு பொருளில் வரும். ஆண்டுக்கு ஐம்பது லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர் வருமான வரியின் மேல் கட்டும் சர்சார்ஜும் கூடுதல் வரி. ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்று வருமான வரி கட்டும் எல்லாரும் கட்டுகிற 4 சதவீத கல்வி, சுகாதார செஸ்ஸும் கூடுதல் வரி. கொஞ்சம் கவனமானவர்கள் இரண்டாவதை 'மேல்வரி' என்கிறார்கள். அடுத்த வாரமே இன்னொருவர் சர்சார்ஜை மேல்வரி என்று எழுதிவிடுகிறார். பல ஆண்டுகளாக இப்படித்தான் நடக்கிறது. வெறும் சொல்நயம் பற்றிய குறை என்றால் விட்டுவிடலாம். ஆனால் நம்மிடம் வாங்கிய வரி யாருக்குப் போனது, எதற்குப் போனது என்ற கேள்வியைத் தமிழில் தெளிவாகக் கேட்கவே இந்தக் குழப்பம் விடுவதில்லை.

முதலில் 'செஸ்' என்ற சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தில் வரியை மதிப்பிடுவதற்கு 'அசெஸ்' என்பார்கள். அதன் வேர் லத்தீனில், நீதிபதியின் அருகில் உட்கார்ந்து மதிப்பிடுபவரைக் குறிக்கும் சொல்லில் இருக்கிறது. அந்த 'அசெஸ்' தலை தேய்ந்து 'செஸ்' ஆனது. அயர்லாந்தில் ஆங்கிலேயப் படைக்குத் தானியமும் கால்நடையும் கொடுக்க மக்கள் மீது சுமத்திய கடமைக்கு இந்தப் பெயர் இருந்தது. பிறகு இந்தியாவுக்கு வந்து, நிலவரியோடு சேர்த்து சாலைக்கும் பள்ளிக்கும் உள்ளூர் நிர்வாகத்துக்கும் வசூலித்த சிறு வரிகளின் பெயராக நிலைத்தது. சரி, பிறப்புக்கு இவ்வளவு போதும்.

இன்றைய பொருளை அரசியலமைப்புச் சட்டத்தில்தான் பார்க்க வேண்டும். ஒன்றிய அரசு வசூலிக்கும் வரிகளை மாநிலங்களோடு பகிர்ந்துகொள்வது பற்றி 270ஆவது பிரிவு சொல்கிறது. 2000ஆம் ஆண்டின் 80ஆவது திருத்தத்துக்குப் பிறகு ஏறக்குறைய எல்லா ஒன்றிய வரிகளும் இந்தப் பகிர்வுக்குள் வந்துவிட்டன. வெளியே நிறுத்தப்பட்டவற்றில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, 271ஆவது பிரிவின்படி விதிக்கும் சர்சார்ஜ். மற்றொன்று, நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் குறிப்பிட்ட நோக்கத்துக்காக விதிக்கும் செஸ். குறிப்பிட்ட நோக்கம் என்பது நான் சேர்த்த விளக்கம் இல்லை, சட்டத்திலேயே இருக்கிறது. செஸ் என்ற சொல்லின் உயிர் அங்கேதான். சர்சார்ஜுக்கு அப்படி ஒரு நோக்கமும் தேவையில்லை. அது வரியின் மேல் ஏற்றிய வரி, ஒன்றிய அரசு எதற்கு வேண்டுமானாலும் செலவிடலாம்.

இப்போது 'மேல்வரி'க்கு வருவோம். இந்தச் சொல்லை விரும்புகிறவர்கள் சொல்லும் காரணம், செஸ்ஸும் பெரும்பாலும் வேறொரு வரியின் மேல்தான் கணக்கிடப்படுகிறது என்பது. கணக்கில் அது உண்மைதான். வருமான வரி 10 லட்சம் ரூபாய் என்றால், 10 சதவீத சர்சார்ஜ் 1 லட்சம். இரண்டையும் கூட்டிய 11 லட்சத்தின் மேல் 4 சதவீத செஸ் 44,000. ஆக மொத்தம் 11 லட்சத்து 44 ஆயிரம். இதில் மேலே ஏறி நிற்பது இரண்டும்தான். அதனால் 'மேல்' என்பது எங்கே ஏறி உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறதே தவிர, எதற்காக என்பதைச் சொல்வதில்லை. சர்சார்ஜுக்கு அது போதும், அதற்கு வேறு அடையாளமே கிடையாது. செஸ்ஸுக்கு எப்படிப் போதும்? எல்லா செஸ்ஸும் வரியின் மேல் ஏறுவதும் இல்லை. பெட்ரோல் மீதான சாலை செஸ் லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்றே விதிக்கப்படுகிறது. கட்டுமானத் தொழிலாளர் நல செஸ் கட்டடச் செலவில் ஒரு சதவீதம். இவை எந்த வரிக்கு மேல் வரும் மேல்வரி?

இதைவிட எனக்கு வருத்தம் தருவது, பழைய கிராமக் கணக்கில் இந்த வேறுபாடு தெளிவாகவே இருந்ததுதான். நிலத் தீர்வை வசூலோடு 'தலவரி' என்று ஒன்று வரும், 'தலமேல்வரி' என்று இன்னொன்று வரும். முன்னது லோக்கல் செஸ், பின்னது அதன் மேல் விதித்த சர்சார்ஜ். 'தல' என்றால் தலம், அதாவது உள்ளூர். உள்ளூருக்கான வரி தலவரி, அதன் மேல் ஏறியது தலமேல்வரி. கிராம நிர்வாக அலுவலர்கள் இன்றும் அறிந்த சொற்கள் இவை. எதற்கான வரி என்பதைப் பெயரில் வை, மேலே ஏறியதை மட்டும் மேல்வரி என்று சொல் என்ற ஒழுங்கு அதில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிட்டோம்.

'நூலக வரி'யும் அப்படியே. சென்னை மாகாணத்தின் 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டம் சொத்து வரியோடு ஒரு செஸ் வசூலிக்க வழி செய்தது. இன்று சொத்து வரியில் ரூபாய்க்கு பத்து காசு அதற்குப் போகிறது. அந்தச் சட்டமே 'சர்சார்ஜ் வடிவிலான செஸ்' என்று இரண்டையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது. ஆகவே குழப்பம் மொழிபெயர்ப்பாளரோடு மட்டும் தொடங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மக்கள் யாரும் அதை நூலக மேல்வரி என்று சொல்வதில்லை. நூலக வரி என்கிறார்கள். 'நூலக வரி கட்டுகிறோமே, எங்கள் ஊர் நூலகம் ஏன் பூட்டிக் கிடக்கிறது?' என்று கேட்க அந்தப் பெயரே இடம் கொடுக்கிறது.

வரி சாதாரண மக்களுக்கு உதவுகிறதா என்ற விவாதத்தில் இந்தச் சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். பெட்ரோலை எடுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஒன்றிய அரசின் வரி 32.90 ரூபாயாக இருந்தது. அதில் அடிப்படை ஆயத்தீர்வை (எக்சைஸ் வரி) 1.40 ரூபாய் மட்டுமே. சிறப்புக் கூடுதல் ஆயத்தீர்வை 11 ரூபாய், சாலை உள்கட்டமைப்பு செஸ் 18 ரூபாய், வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2.50 ரூபாய். மாநிலங்களோடு பகிரப்பட்டது அந்த 1.40 ரூபாய்தான். மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் நிதிக்குழுக்களில் 15ஆவது சொன்ன 41 சதவீதத்தைப் போட்டால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது 57 காசு. 'பெட்ரோல் வரியில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் போகிறது' என்று அன்று வாதிட்டவர்கள் பலர். அவர்கள் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. நாலையும் 'வரி' என்றும் 'கூடுதல் வரி' என்றும் படித்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் வரியைக் குறைத்தபோது சாலை செஸ்தான் 18லிருந்து 13 ஆகி, பிறகு 5 ஆனது. அதனால் மாநிலங்களின் பங்கு குறையவில்லை. அந்தப் பங்கு அந்த 1.40இல் மட்டும்தான் இருந்தது.

மாநிலங்கள் பெட்ரோலுக்குத் தனியாக வாட் என்ற விற்பனை வரி வாங்குகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு ஒருதலையாகிவிடும். ஆனால் ஒன்றிய அரசின் மொத்த வரி வருவாயில் செஸ், சர்சார்ஜின் பங்கு 2011-12இல் சுமார் பத்து சதவீதமாக இருந்து, பத்தாண்டுக்குள் ஏறத்தாழ இருமடங்கானது. 14ஆவது நிதிக்குழு 42 சதவீதம் தந்தது, 15ஆவது 41 ஆக்கியது என்று சதவீதத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கும்போது, மொத்த வருவாயில் அந்தச் சதவீதம் போடப்படும் பகுதியே சுருங்கியது. மாநிலங்கள்தான் பள்ளியும் மருத்துவமனையும் நடத்துகின்றன. எனவே இது நேராக மக்கள் வீட்டைத் தொடும் விஷயம்.

நோக்கத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். 2007இல் வருமான வரியோடு இடைநிலை, உயர்கல்விக்கென்று ஒரு சதவீத செஸ் வந்தது. அந்தப் பணத்தைத் தனியாகப் போட்டுவைக்க ஒரு நிதியம் வேண்டும். அதற்கு ஒப்புதல் கிடைத்தது 2017இல். பத்தாண்டு வசூலான பணம் எந்தக் கல்விக்கு எவ்வளவு போனது என்று பிரித்துக் காட்ட வழியில்லை என்பதை சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டிக்காட்டினார். கட்டுமானத் தொழிலாளர் நல செஸ் இன்னொரு வகை. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது அது. கட்டடம் கட்டுபவர் கொடுக்கும் ஒரு சதவீதம் தொழிலாளர் நல வாரியத்துக்குப் போய், பிள்ளைகளின் படிப்பு உதவியாகவும் விபத்து இழப்பீடாகவும் ஓய்வூதியமாகவும் திரும்ப வர வேண்டும். பணம் நேராக உழைப்பவரிடம் சேரும் நல்ல ஏற்பாடு என்றே இதைச் சொல்வேன். ஆனால் பல மாநிலங்களில் இந்த நிதி செலவாகாமல் கிடப்பதை உச்ச நீதிமன்றம் 2018இல் கண்டித்தது. இங்கே மாநில அரசுகளும் பதில் சொல்ல வேண்டும். பீடித் தொழிலாளர்களுக்கென்று 1976இலிருந்து இருந்த நல செஸ், ஜிஎஸ்டி வந்தபோது எடுக்கப்பட்டது. மேல்வரி ஒன்று ரத்து என்று படித்தவர் மகிழ்ந்திருப்பார். அந்த வரிக்குப் பின்னால் பீடித் தொழிலாளர்களின் மருத்துவமும் அவர்கள் பிள்ளைகளின் உதவித்தொகையும் இருந்தன என்பது அந்தச் சொல்லில் தெரியவே தெரியாது.

அப்படியானால் செஸ்ஸுக்குத் தமிழ் என்ன? 'தீர்வை' என்று சிலர் எழுதுகிறார்கள். நிலத் தீர்வை, ஆயத்தீர்வை என்று அது ஏற்கெனவே நிறையப் பாரம் சுமக்கிறது, இன்னொன்றை ஏற்ற வேண்டாம். 'சிறப்பு வரி' என்றால் என்ன சிறப்பு என்று கேட்கத் தோன்றும்.

'மகமை' என்ற சொல்லை நண்பர்கள் சிலர் முன்வைக்கிறார்கள். இதற்கு என் மனம் கொஞ்சம் இளகுகிறது. வணிகர்கள் விற்கும் சரக்கில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, கோயிலுக்கும் கல்விக்கும் பொதுக் காரியத்துக்கும் சேர்த்த வழக்கம் அது. விருதுநகர் நாடார் உறவின்முறையின் மகமைப் பணத்தில் வளர்ந்த க்ஷத்திரிய வித்தியாசாலையில்தான் காமராஜர் படித்தார். எதற்கென்று வாங்கினார்களோ அதற்கே செலவழித்த பணம் என்ற நினைவு அந்தச் சொல்லோடு இருக்கிறது. ஆனாலும் அரசின் வரிக்கு அது பொருந்தாது. மகமை ஒரு சமூகம் தனக்குத்தானே விதித்துக்கொண்டது, செஸ் சட்டத்தின் கட்டாயம். கட்டாயத்தைக் கொடைபோலக் காட்டும் சொல் இன்னொரு வகையில் ஏமாற்றும்.

என் பரிந்துரை 'நோக்கவரி'. சட்டம் சொல்லும் அடையாளத்தை அப்படியே சொல்கிறது, நீளமும் இல்லை. எல்லா வரிக்கும் ஒரு நோக்கம் இருக்கத்தானே செய்கிறது என்று மறுப்பார்கள். அரசை நடத்துவது என்ற பொது நோக்கம் இருக்கிறது, சரி. ஆனால் வருமான வரியை இன்ன வேலைக்குத்தான் செலவிட வேண்டும் என்று எந்தச் சட்டமும் கட்டிப்போடவில்லை. அது அரசின் வருவாயெல்லாம் சேரும் தொகுப்பு நிதியில் கலந்துவிடும். செஸ்ஸும் முதலில் அங்கேதான் போகிறது, ஆனால் அதை அங்கிருந்து எடுத்துச் சொன்ன வேலைக்குச் செலவிடும் கடமை இருக்கிறது. ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ்ஸைப் பாருங்கள். செஸ் என்றாலே மாநிலங்களுக்கு எதுவும் இல்லை என்று நினைப்பவருக்கு அது புரியாது. மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டுவதே அதன் நோக்கமாக இருந்தது, அதனால் பணமும் அங்கே போனது. 'இழப்பீட்டு நோக்கவரி' என்றால் விளக்கமே தேவைப்படாது.

நோக்கவரி பிடிக்கவில்லையா, 'செஸ்' என்றே எழுதுங்கள். எனக்கு வடமொழி மீதோ ஆங்கிலம் மீதோ பகையில்லை. தவறாகப் புரியவைக்கும் தமிழைவிடப் புரியாத ஆங்கிலம் மேல், படிப்பவர் அங்கே நின்று என்னவென்று கேட்கவாவது செய்வார். 'செஸ் வரி' என்று மட்டும் எழுதாதீர்கள். செஸ்ஸே வரிதான்.

இந்தத் துறையில் வேறு சொற்களும் இதே கதியில் இருக்கின்றன. மாதந்தோறும் வரும் வரிப்பகிர்வுத் தவணையை 'ஒன்றிய அரசு நிதி ஒதுக்கியது' என்று எழுதுகிறார்கள். ஒதுக்குபவருக்கு ஒதுக்காமல் இருக்கவும் உரிமை உண்டு. 280ஆவது பிரிவின்படி அமைந்த நிதிக்குழு பரிந்துரைத்து, குடியரசுத் தலைவர் ஆணையால் வரும் பங்கு அப்படிப்பட்டதில்லை. 'நிதி விடுவிக்கப்பட்டது' என்பது இன்னும் மோசம். கைதியைத்தான் விடுவிப்பார்கள். பங்கு 'வந்தது', 'செலுத்தப்பட்டது' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? 275ஆவது பிரிவின்படி வரும் உதவி மானியத்துக்கு 'வழங்கியது' பொருந்தும், அங்கே எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பெட்ரோலின் மேலிருக்கும் அந்தச் சிறப்புக் கூடுதல் ஆயத்தீர்வைக்கு நோக்கமும் கிடையாது, பகிர்வும் கிடையாது. பெயரில் தீர்வை என்று இருப்பதால் அடிப்படைத் தீர்வையோடு சேர்த்து ஒரே வரிசையில் அச்சிடுகிறார்கள். 'மேல்வரி' என்ற நல்ல சொல்லை செஸ்ஸிடமிருந்து மீட்டால், அதை வைக்க வேண்டிய இடம் இதுதான்.